ஐந்து மாதம் வாழ்ந்த சாலை வரி: 1776-ல் பிரான்சின் சலுகைகள் தம்மைக் காத்துக்கொண்ட விதம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சின் நெடுஞ்சாலைகளுக்கு ஐரோப்பா முழுவதும் நல்ல பெயர். அகலமானவை, நேரானவை, இருபுறமும் மரம் நட்டவை. அவற்றில் பெரும்பகுதியைப் போட்டவர்களுக்குக் கூலி கிடையாது. சாலையோரக் கிராமத்து உழவர்கள் தங்கள் மண்வெட்டி, தங்கள் வண்டி, தங்கள் மாடு குதிரையோடு வந்து, தங்கள் சோற்றைத் தின்றுவிட்டு மண் வெட்டினார்கள், கல் உடைத்தார்கள், சுமந்து கொட்டினார்கள். இதற்குக் 'கொர்வே' என்று பெயர். நம் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்ற சொல் இதற்கு மிக நெருக்கம்.

1776-ல் பதினாறாம் லூயியின் நிதித் தலைமை அதிகாரியாக இருந்த தூர்கோ, இந்த வெட்டிவேலையை ஒழித்துவிட்டு, நிலம் வைத்திருப்பவர்கள் மீது ஒரு சிறு வரி போட முயன்றார். மார்ச் 12-ல் அந்த ஆணை பதிவானது. மே 12-ல் தூர்கோவின் பதவி போனது. ஆகஸ்ட் 11-ல் வெட்டிவேலை திரும்பி வந்தது. ஆக மொத்தம் ஐந்து மாதம்.

புரட்சிக்கு முந்தைய பிரான்ஸ் என்றதும் குருமார், பிரபுக்கள், மற்றவர்கள் என்று மூன்று தட்டு வரைந்துவிட்டு, மேல் இரண்டு தட்டுக்கும் வரி இல்லை என்று எழுதிவிடுவது வழக்கம். படம் பொய்யில்லை. ஆனால் அதை வைத்து, ஒரு கிராமத்தில் சலுகை எப்படி வேலை செய்தது என்றோ, சிறிய வரி ஒன்றைத் தடுக்க அத்தனை பெரிய எதிர்ப்பு ஏன் கிளம்பியது என்றோ விளங்கிக்கொள்ள முடியாது. இந்த ஐந்து மாதத்தைக் கூர்ந்து பார்த்தால் இரண்டும் தெரிகின்றன.

வேலை நடந்த முறை

கொர்வே இரண்டு வகை. ஒன்று, ஊர்க் கிழாரின் நிலத்தில் குடியானவன் செய்ய வேண்டிய பழைய ஊழியம். மற்றொன்று அரசனின் சாலைக்காகச் செய்வது. நம் வழக்கு இரண்டாவதைப் பற்றியது. இது பழமையானதும் இல்லை. ஒரி என்ற நிதி அதிகாரி 1738-ல் அனுப்பிய சுற்றறிக்கைதான் அங்கங்கே நடந்துகொண்டிருந்ததை நாட்டுக்குப் பொதுவாக்கியது. நாடு என்றால் முழு நாடும் இல்லை. மன்னரின் அதிகாரிகளே நேரடியாக வரி பிரிக்கும் மாகாணங்களில்தான் இது முழு வேகத்தில் நடந்தது. சொந்தச் சபை வைத்திருந்த மாகாணங்கள் வேறு வழிகளைக் கண்டன. தெற்கே லாங்தொக் தன் சாலைகளை வரிப்பணத்தில் போட்டது, சாலைகளும் நன்றாகவே இருந்தன. வெட்டிவேலை இல்லாமல் சாலை போட முடியாது என்ற வாதத்துக்கு மறுப்பு பிரான்சுக்குள்ளேயே இருந்தது.

மாகாணத்தில் மன்னரின் கையாக இருந்தவர் இன்டெண்டன்ட். அவருக்குக் கீழிருந்த சாலைப் பொறியாளர், எந்த ஊர் எத்தனை நீளம் போட வேண்டும் என்று அளந்து கொடுப்பார். அளவு 'துவாஸ்' கணக்கில், ஒரு துவாஸ் ஏறக்குறைய 1.95 மீட்டர். சாலையிலிருந்து சில கல் தொலைவுக்குள் இருக்கும் ஊர்கள் எல்லாம் பட்டியலில் வரும். பருவம் வசந்தமும் இலையுதிர்காலமும். உழவும் விதைப்பும் அதே பருவத்தில்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆண்டுக்கு எத்தனை நாள் என்பது மாகாணத்துக்கு மாகாணம் மாறியது. வராதவர்களுக்கு அபராதம், சிறை, அல்லது வீட்டில் காவலாளைக் கொண்டுவந்து உட்காரவைத்து அவனுக்குச் சோறு போடச் சொல்வது.

இதில் சாலைக்கும் கேடு இருந்தது. தன் ஊரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் நடந்து வருபவன் பாதி நாளை வழியிலேயே விடுகிறான். ஏர் மாடு கல் வண்டி இழுத்துக் கால் ஒடிந்தால் அடுத்த ஆண்டு உழவு போச்சு. கற்களை அடுக்கத் தெரியாதவன் கொட்டிவிட்டுப் போவான். ஆண்டில் இரண்டு முறைதான் ஆள் வரும் என்பதால், இடையில் விழும் பள்ளத்தைத் தூர்க்க யாரும் இல்லை. அடுத்த பருவம் வருவதற்குள் சக்கரத் தடம் குழியாகிவிடும். அதற்கு மருந்தாகப் பொறியாளர்கள் சாலையை மேலும் தடிமனாக்கினார்கள். உழைப்பு இலவசம் ஆயிற்றே, கணக்குப் பார்க்க யாருக்கும் அவசியம் இல்லை.

யார் போகவேண்டியதில்லை

குருமார் போகவேண்டாம். பிரபுக்கள் போகவேண்டாம். இதோடு நின்றிருந்தால் பாரம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும். பிரபுக்களின் வீட்டு வேலைக்காரர்கள் போகவேண்டாம். அரசப் பதவி வாங்கியவர்கள் போகவேண்டாம். அஞ்சல் குதிரை வைத்திருப்பவர், வரி வசூல் கம்பெனியின் ஆட்கள், நகரவாசிகள் என்று விலக்குப் பட்டியல் நீண்டது. மிஞ்சியது கிராமத்து உழவனும் கூலியாளும். அந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் போனவர்கள் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருந்தவர்கள்.

1789 வாக்கில் பிரான்சின் மக்கள்தொகை சுமார் 2.8 கோடி. அதில் குருமார் சுமார் 1.3 லட்சம். பிரபுக்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1.2 லட்சம் என்பவரும் உண்டு, 3.5 லட்சம் என்பவரும் உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும் நூற்றுக்கு இரண்டைத் தொடாது.

இரண்டு உயர் பிரிவுகளின் சலுகைகளும் ஒரே மாதிரி இல்லை. குருமார் ஓர் அமைப்பாக இருந்தார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் பேரவையைக் கூட்டி, மன்னருக்கு 'இலவச நன்கொடை' எவ்வளவு என்று தாங்களே தீர்மானித்தார்கள். பெயரிலேயே கூர்மை இருக்கிறது: வரி என்றால் கட்டாயம், நன்கொடை என்றால் விருப்பம். விளைச்சலில் ஒரு பங்கைத் திருச்சபை வரியாக அவர்கள் பெற்றார்கள். பத்தில் ஒன்று என்று பெயர், பல இடங்களில் அதைவிடக் குறைவாகவே வசூலானது. அந்தப் பணமும் பெரும்பாலும் ஊர்ப் பங்குக்குருவிடம் நிற்காமல் மேலே இருந்த ஆயருக்கோ மடத்துக்கோ போனது. பல பங்குக்குருக்களுக்குக் கிடைத்தது நிர்ணயித்த படி மட்டும்: 1768-ல் ஆண்டுக்கு 500 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்), 1786-ல் 700. 1789-ல் குருமாரின் சபையே பிளந்ததற்கு விதை இங்கே இருக்கிறது.

பிரபுக்களுக்கு வாள் அணியும் உரிமை, வேட்டை உரிமை, தேவாலயத்தில் முன்னிருக்கை, மரண தண்டனை என்றால் தூக்குக்குப் பதில் தலை வெட்டு, இவற்றோடு 'டாய்' என்ற முதன்மை நேரடி வரியிலிருந்து விலக்கு. பிரபுக்கள் வரியே கட்டவில்லை என்பது தவறு. 1695-ல் வந்த தலைவரி எல்லோருக்கும் உண்டு. மக்களை 22 வகுப்பாகப் பிரித்து, உச்சியில் பட்டத்து இளவரசருக்கு 2,000 லிவர், அடியில் ஒரு லிவர் என்று வைத்தார்கள். 1749 முதல் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு என்ற வரியும் பிரபுக்கள் மீது விழுந்தது. ஆனால் தங்கள் வருமானம் எவ்வளவு என்று சொல்வதில் அவர்களுக்குக் கிடைத்த தாராளம் உழவனுக்குக் கிடைக்கவில்லை. குருமாரோ 1751-க்குள் இந்த வரியிலிருந்தும் நழுவிவிட்டார்கள்.

டாய் வரியிலேயே இரண்டு முறை. வடக்கிலும் நடுவிலும் அது ஆளைப் பார்த்துப் போடப்பட்டது: பிரபு என்றால் இல்லை. தெற்கில் பல பகுதிகளில் நிலத்தைப் பார்த்துப் போட்டார்கள். அங்கே சாதாரண வகை நிலத்தைப் பிரபு வாங்கினால் அவரும் கட்டவேண்டும். பிரபு வகை நிலத்தைச் சாதாரணக் குடிமகன் வாங்கினால் அவனுக்கு விலக்கு. இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டு 'பிரபுக்களுக்கு டாய் இல்லை' என்று எழுதுவதுதான் இந்தப் பொருளில் மிகச் சாதாரணமாக நேரும் பிழை.

இதையெல்லாம் சுட்டும் சொல் 'ப்ரிவிலேஜ்'. இலத்தீனில் அதன் வேர்ப்பொருள் தனிச் சட்டம். பிரபுவுக்கு ஒரு சட்டம் இருந்தது போலவே பாரிஸ் நகரத்தாருக்கு ஒன்று, பிரித்தானி மாகாணத்துக்கு ஒன்று, ரொட்டிக்கடைக்காரர் சங்கத்துக்கு ஒன்று. பிரித்தானியில் உப்பு வரி கிடையாது, எல்லை தாண்டிய பக்கத்து மாகாணத்தில் அதே உப்பு பல மடங்கு விலை. அந்த உப்புக்கும் மேட்டுக்குடிக்கும் சம்பந்தமே இல்லை. பிரித்தானியின் கடைசி ஏழைக்கும் அந்தச் சலுகை உண்டு. சலுகையை ஒழிப்போம் என்று கிளம்பியவர்கள் எதிரே வந்து நின்றவர்களில் பாதிப் பேர் மாளிகைவாசிகள் இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு விலக்கு, ஐம்பத்தொன்பது வீட்டுப் பாரம்

ஒருவருக்கு விலக்கு கிடைத்தால் அரசுக்கு நட்டமில்லை. டாய் வரி மேலிருந்து கீழே பங்கிடப்பட்டது. மன்னரின் அவை மொத்தத் தொகையைத் தீர்மானிக்கும், அது மாகாணத்துக்கு, மாவட்டத்துக்கு, கடைசியில் ஊருக்கு என்று உடைந்து வரும். ஊர்த் தொகை மாறாது. ஊருக்குள் யார் எவ்வளவு என்று முறை வைத்து வரும் வசூல்காரன் பிரிப்பான். அவனும் ஒரு குடியானவன்தான், குறைந்தால் அவன் கையிலிருந்து போகும். அதிலும் குறைந்தால் ஊரின் பெரிய வரிதாரர் சிலரைப் பிடித்து ஊருக்காகக் கட்டச் சொல்லும் வழக்கம் இருந்தது. அதை 1775 ஜனவரியில் தூர்கோ நிறுத்தினார்.

புரிவதற்காக ஒரு கற்பனை ஊரை வைத்துக் கணக்குப் போடலாம். 60 வீடு, ஊர்த் தொகை 1,800 லிவர், சராசரி வீட்டுக்கு 30. அதில் வசதியான ஒரு பெருங்குத்தகைக்காரர் 150 லிவர் கட்டிவந்தார் என்று கொள்வோம். அவர் விலக்குத் தரும் ஒரு பதவியை விலைக்கு வாங்குகிறார், அல்லது டாய் இல்லாத நகரத்துக்குக் குடிபோகிறார். ஊர்த் தொகை அதே 1,800. அவர் விட்ட 150 மீதி 59 வீட்டில் ஏறுகிறது, வீட்டுக்கு ஏறத்தாழ இரண்டரை லிவர். ஒரு லிவருக்கு 20 சூ. நாட்கூலி 15, 20 சூ வாங்குபவனுக்கு அது மூன்று நாள் உழைப்பு. அடுத்த ஆண்டு இன்னொருவர் அதே வழியில் போனால் கணக்கு இன்னும் வேகமாக ஏறும், ஏனென்றால் முதலில் வெளியேறுபவர்கள் அதிகம் கட்டியவர்கள். சாலை வேலையும் இதே கணக்குதான். ஊருக்கு அளந்து கொடுத்த நீளம் குறையாது, தோள்கள் மட்டும் குறையும்.

பிரபு தன் நிலத்தில் நான்கு ஏர் பரப்பு வரை தானே பயிரிட்டுக்கொள்ளலாம், அதற்கு டாய் இல்லை என்றொரு விதி இருந்தது. குத்தகைக்காரனை நீக்கிவிட்டு நிலத்தைச் சொந்தச் சாகுபடிக்கு எடுத்தால், அந்த நிலத்துக்குக் குத்தகைக்காரன் கட்டிவந்த பங்கும் ஊர் தலையில் விழும்.

பிரபுப் பட்டமே விலைக்கு வந்தது. 'மன்னரின் செயலர்' என்ற பதவிக்கு வேலை ஏதுமில்லை என்றே சொல்லலாம், விலை மட்டும் நூற்றாண்டின் இறுதியில் லட்சம் லிவரைத் தாண்டியது. வாங்கிக் குறிப்பிட்ட ஆண்டுகள் வைத்திருந்தால் குடும்பம் பிரபுக் குடும்பம். ஊரார் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'குடியானவன் சவுக்காரம்'. போட்டுக் குளித்தால் பிறப்பின் அழுக்கு போய்விடும் என்ற கேலி.

லிமூசேனில் ஒத்திகை

தூர்கோ வெளியாள் இல்லை. நார்மாந்திப் பிரபுக் குடும்பம். தந்தை பாரிஸ் நகரத்தின் தலைவராக இருந்தவர். 1761 முதல் 1774 வரை தூர்கோ லிமூசேன் பகுதிக்கு இன்டெண்டன்ட். ஏழை நிலம், கஷ்கொட்டையும் ரை தானிய ரொட்டியும் தின்று வாழ்ந்த ஊர்கள். அங்கேதான் கொர்வேயை மாற்றிப் பார்த்தார்.

சட்டப்படி அவருக்குப் புது வரி போட அதிகாரம் இல்லை. அதனால் ஒரு சுற்றுவழி எடுத்தார். சாலையோர ஊர் தன் பங்கு வேலையை ஏலத்தில் ஒப்பந்தக்காரருக்கு விட ஒப்புக்கொள்ளும். ஆகும் செலவுக்குச் சமமாக அந்த ஊருக்கு டாய் வரியில் கழிவு கிடைக்கும். கழித்த தொகை மாகாணம் முழுவதும் பரவலாக ஏற்றப்படும். சாலையோரத்தில் பிறந்த பாவத்துக்கு ஒரு ஊர் மட்டும் சாகவேண்டியதில்லை. நார்மாந்தியின் கான் பகுதியில் இதற்கு முன்பே பணமாக மாற்றும் முயற்சி நடந்திருந்தது. தூர்கோ அதை ஒழுங்காக்கினார். ஆனால் இங்கும் கட்டியவர்கள் டாய் கட்டுபவர்களே. பிரபுக்கள் மீது கை வைக்கவில்லை. அதனால் பெரிய எதிர்ப்பும் இல்லை.

லிமூசேனின் தலைநகர் லிமோழில் அவருக்குக் கீழே வேலை பார்த்த பொறியாளர் திரெசாகே. கல்லுக்கும் ஆளுக்கும் காசு கொடுக்கவேண்டும் என்றதும் அவர் சாலையின் வயிற்றைத் திறந்து பார்த்தார். பதினெட்டு அங்குலம் வரை கொட்டிவந்த கல் படுகையைப் பத்து அங்குல அளவுக்குக் குறைத்தார். அடியில் பெரிய கற்களைச் செங்குத்தாக நட்டு, மேலே சிறியவை, உச்சியில் கடினமான சல்லி. அடித்தரையையே மேல்பரப்பைப் போல் வில்லாக வளைத்து நீர் வடிய விட்டார். ஆண்டுக்கு இருமுறை கூட்டத்தைக் கூட்டுவதற்குப் பதில், கூலி வாங்கும் ஆள் ஆண்டு முழுவதும் தன் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். பிற்காலச் சாலைப் பொறியியலில் அவர் பெயர் நிற்பதற்கு இதுவே காரணம். உழைப்புக்கு விலை வந்த பிறகுதான் சாலை மெலிந்தது.

ஆறு ஆணைகள்

1774 ஆகஸ்டில் தூர்கோ நிதித் தலைமைக்கு வந்தார். அதே ஆண்டு நவம்பரில் இளம் மன்னர், தன் பாட்டனார் 1771-ல் கலைத்த பாரிஸ் பார்ல்மோனைத் திரும்ப அழைத்தார். பெயரைப் பார்த்து நாடாளுமன்றம் என்று எண்ணக்கூடாது. இது உயர்நீதிமன்றம். மன்னரின் ஆணைகள் இங்கே பதிவானால்தான் நீதிமன்றங்களில் செல்லும். பிடிக்காவிட்டால் நீதிபதிகள் 'மறுப்புரை' எழுதி அனுப்பலாம். நீதிபதிப் பதவி விலைக்கு வாங்கியது. 1604 முதல் ஆண்டுதோறும் பதவி மதிப்பில் அறுபதில் ஒரு பங்கு கட்டினால் மகனுக்கும் போகும். அந்தப் பதவியே பிரபுத்துவம் தரும். சலுகையைக் குறைக்கும் எந்தச் சட்டமும், சலுகையை விலைகொடுத்து வாங்கிய இவர்களின் மேசை வழியாகத்தான் போகவேண்டும். இந்தத் திரும்ப அழைப்பைத் தூர்கோ உறுதியாக எதிர்க்கவில்லை. இந்த வழக்கில் முதல் பிசகு அங்கே.

1776 தொடக்கத்தில் ஆறு ஆணைகள் ஒன்றாக வந்தன. கொர்வே ஒழிப்பு, பாரிஸின் தொழிற்சங்கங்கள் (ஒவ்வொரு தொழிலிலும் யார் இறங்கலாம் என்று கட்டுப்படுத்திய கைவினைஞர், வணிகர் சங்கங்கள்) ஒழிப்பு, பாரிஸ் தானிய வணிகக் கட்டுப்பாடு நீக்கம், துறைமுகம் சந்தைகளில் இருந்த பதவிகள் நீக்கம், புவாசி கால்நடைச் சந்தையில் கட்டாயக் கடன் கொடுத்துவந்த நிதி அமைப்பின் ஒழிப்பு, கொழுப்பு வணிகத்தின் வரி மாற்றம். நான்கு சிறியவை, இரண்டு பெரியவை.

கொர்வே ஆணையின் முன்னுரையைத் தூர்கோ வழக்குரை போல எழுதினார். உழவனின் நேரத்தைக் கூலி கொடுத்து எடுத்தாலே அது வரிக்குச் சமம், கொடுக்காமல் எடுத்தால் இரட்டை வரி என்பது அதன் மையம். தொகையையும் சொன்னார்: சம்பந்தப்பட்ட மாகாணங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1 கோடி லிவரைத் தாண்டாது. எட்டு ஆண்டு கழித்து, இடையில் நிதித் துறையை நடத்தியிருந்த நெக்கர் நாட்டின் வரிச்சுமை முழுவதையும் 58.5 கோடி என்று கணக்கிட்டபோது, கொர்வேயின் பாரத்தை 2 கோடி என்று மதிப்பிட்டார். கூலி கொடுத்துச் செய்தால் ஒரு மடங்கு, கொடுக்காமல் செய்தால் இரு மடங்கு. இலவச உழைப்பு விலை அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு அக்காலத்தில் கிடைப்பது அரிது. கூடவே, பெருஞ்சாலையின் அகலத்தை 42 அடியாகக் குறைக்கும் உத்தரவும் பிப்ரவரி 6-ல் வந்தது. அடுத்த தரங்களுக்கு 36, 30, 24.

பாரம் நிலவுடைமையாளர் எல்லோர் மீதும் விழும், பிரபு உட்பட. மன்னரின் நிலமும் கட்டும். குருமாரையும் சேர்க்கவே தூர்கோ விரும்பினார். அமைச்சரவையில் மூத்தவரான மோர்பாவும் நீதித் துறையைக் கவனித்த முத்திரைக் காவலர் மிரோமெனிலும் கொடுத்த அழுத்தத்தில் திருச்சபை நிலம் விடுபட்டது. எனக்கென்னவோ வழக்கு பாதி அங்கேயே கெட்டது என்றுதான் படுகிறது. நிலம் உள்ளவர் எல்லோரும் என்ற கொள்கையில் முதல் விலக்கை அரசே எழுதிவிட்ட பிறகு, பிரபு கேட்கும் இரண்டாவது விலக்கை எந்த முகத்தோடு மறுப்பது?

மிரோமெனிலுக்கும் தூர்கோவுக்கும் நடந்த எழுத்து வாதம் தப்பிப் பிழைத்திருக்கிறது. பிரபுக்களின் தனித்தன்மையைப் பறித்தால் நாட்டின் போர்க்குணமே கெடும் என்றார் மிரோமெனில். தூர்கோவின் பதில் பதவி விற்பனையைக் குறிவைத்தது: பணமுள்ள எவனும் பிரபுவாகலாம் என்ற பிறகு, சலுகைக்கான வாதம் பழம்பெருங்குடிப் பெருமைக்கும் சாதாரணப் பிறப்புக்கும் இடையிலானதாக இல்லை, அது பணக்காரனின் பக்கம் நின்று ஏழையோடு வாதிடுவது. அந்தக் காலத்தில் ஒரு அமைச்சர் எழுதிய வாசகங்களில் இதுவே மிகக் கூர்மையானது.

மறுப்புரை

பார்ல்மோன் புவாசி ஆணையை மட்டும் பதிந்தது. மற்றவற்றுக்கு மார்ச் தொடக்கத்தில் மறுப்புரை. அதே வாரங்களில், கிழார் உரிமைகளைப் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொன்ன ஒரு சிறு நூலையும் எரிக்க ஆணையிட்டது. அதை எழுதியவர் தூர்கோவின் துறையில் அலுவலர்.

மறுப்புரை பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. முடியரசு தனித்தனிப் பிரிவுகளால் ஆனது, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சேவை என்றது. குருமாரின் சேவை வழிபாடும் போதனையும் தருமமும். பிரபுவின் சேவை தன் இரத்தம், தன் ஆலோசனை. அத்தகைய சிறப்புச் சேவை செய்ய இயலாத கடைசிப் பிரிவு வரியாலும் தொழிலாலும் உடலுழைப்பாலும் தன் கடனைத் தீர்க்கிறது. இந்த வேறுபாட்டை அழித்தால் பிரபுவும் வெட்டிவேலைக்காரன் ஆவான். வேலை செய்தாலும் அதற்கு ஈடான வரி கட்டினாலும் ஒன்றே.

இந்தக் கடைசி வாதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'டாய் கட்டுபவன், கொர்வே செய்பவன்' என்பது அன்றைய பிரெஞ்சில் தாழ்ந்த பிறப்பைக் குறிக்கும் மொழி. ஒரு பிரபுவுக்கு அந்த ஆண்டு போகும் தொகை பெரிதில்லை. அந்தப் பட்டியலில் தன் பெயர் ஏறுவதுதான் பெரிது. தூர்கோ தொகையைக் குறைத்துக் காட்டிச் சமாதானம் சொன்னார். எதிர்த்தரப்பு தொகையைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்னொரு பக்கம் நியாயமும் இருந்தது. 1749-ல் வந்த இருபதில் ஒரு பங்கு வரி அப்போதும் வசூலாகிக்கொண்டுதான் இருந்தது. சாலைக்கு என்று தொடங்கும் வரி, போருக்குப் பணம் தேவைப்படும் நாளில் சாலையிலேயே நிற்குமா என்ற கேள்வியைச் சுயநலம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. வரியை ஒப்புக்கொள்ளவும் மேற்பார்க்கவும் நிலவுடைமையாளர் சபைகள் வேண்டும் என்று தூர்கோவின் வட்டத்தில் ஒரு திட்டம் எழுதப்பட்டிருந்தது. அது மன்னர் முன் போகவே இல்லை.

எதிரணி பெருகியதற்கு மற்ற ஆணைகளும் காரணம். தொழிற்சங்க ஒழிப்பால் பாரிஸின் மேஸ்திரி வர்க்கம் முழுவதும் பார்ல்மோனின் பின்னால் நின்றது. சங்கத்தில் சேர அவர்கள் கட்டிய பணம் ஒரே நாளில் செல்லாக்காசாகும். மன்னரின் உறவினரான கோன்தி இளவரசரும் எதிர்த்தார். பாரிஸில் தாம்ப்ல் என்ற மதில் வளாகம் அவர் கையில் இருந்தது. சங்க விதி அங்கே செல்லாது, அதனால் சங்கத்துக்கு வெளியே தொழில் செய்ய விரும்பியவர்கள் அங்கே வாடகைக்கு இருந்தார்கள். சங்கங்களே இல்லையென்றால் அந்த வாடகைக்கு என்ன மதிப்பு? ஒருவரின் சலுகை மற்றொருவரின் கட்டுப்பாட்டில் வாழ்ந்தது.

மார்ச் 12 முதல் ஆகஸ்ட் வரை

மன்னர் வெர்சாயில் 'நீதி மஞ்சம்' கூட்டினார். விதானத்தின் கீழ் மெத்தைகள் மீது மன்னர் அமர்ந்து நேரில் கட்டளையிட்டால் பார்ல்மோன் பதிந்தே ஆகவேண்டும். அரச வழக்குரைஞர் செகியே அன்று பேசியது சலுகைச் சமூகம் தன்னைப் பற்றி வைத்திருந்த சித்திரம்: குடிமக்கள் எல்லோரும் சங்கங்களாகப் பிரிந்து ஒரு நீண்ட சங்கிலியின் வளையங்களாக இருக்கிறார்கள், முதல் வளையம் மன்னரின் கையில். ஒரு வளையத்தை அறுத்தால் மன்னரின் கையும் வெறுமையாகும் என்பது சொல்லாமல் சொன்னது.

பதிவானதும் கிராமங்களில் வேறொரு குழப்பம். ஆணை அரசச் சாலை வேலையை மட்டும் ஒழித்தது. சில இடங்களில் கிழாருக்கான ஊழியமும் ஒழிந்தது என்று குடியானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தது வினையாயிற்று. மார்ச் இறுதியில் பார்ல்மோன், கிழார்களுக்குச் சேரவேண்டியதைத் தவறாமல் செலுத்தும்படி உத்தரவு போட்டது. முந்தைய ஆண்டு ரொட்டி விலை ஏறி வெடித்த 'மாவுப் போர்' கலவரம் யாருக்கும் மறக்கவில்லை.

தூர்கோவின் வீழ்ச்சிக்குக் கொர்வே மட்டும் காரணம் இல்லை. அரசியின் வட்டத்தோடு பகை, மோர்பாவின் பொறாமை, சிக்கன நடவடிக்கைகளால் வந்த எதிரிகள் எல்லாம் சேர்ந்தன. மே 12-ல் அவரை நீக்கினார்கள். நண்பர் மால்செர்பும் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். அடுத்து வந்த க்ளூனி ஆகஸ்ட் 11-ல் கொர்வேயை மீட்டார். அந்த மாதமே பாரிஸின் தொழிற்சங்கங்கள் 6 பெருஞ்சங்கம், 44 சங்கம் என்று புது உருவில் திரும்பின.

அதற்குப் பிறகு

1787-ல் அரசு கடனில் மூழ்கியபோது கொர்வே மறுபடி மேசைக்கு வந்தது. ஜூன் 27-ல் அது நாடெங்கும் பணமாக மாற்றப்பட்டது. பார்ல்மோன் இம்முறை சண்டை போடவில்லை. காரணம் ஆணையின் உள்ளே இருந்தது: கட்டவேண்டியவர்கள் டாய் கட்டுபவர்கள் மட்டும். உழைப்பு பணமானதில் பிரபுக்களுக்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை என்பது 11 ஆண்டு தாமதமாக உறுதியானது.

1789 ஆகஸ்ட் 4 இரவு, தேசிய சபையில் பிரபுக்களும் குருமாரும் மட்டுமின்றி மாகாணங்களின், நகரங்களின் பிரதிநிதிகளும் எழுந்து தத்தம் தனிச் சட்டங்களைத் துறந்தார்கள். ஆகஸ்ட் 11-ல் அது ஆணை வடிவம் பெற்றது. பதவி விற்பனை ஒழிந்தது. வரிச் சலுகைகள் நிரந்தரமாக நீங்கின, எல்லாக் குடிமக்களிடமும் எல்லாச் சொத்தின் மீதும் ஒரே முறையில் வசூல் என்றானது. தூர்கோ அதைப் பார்க்க இல்லை, 1781-லேயே இறந்துவிட்டார். மிரோமெனில் பார்த்தார்.

கிராமச் சாலைகளுக்கு ஆள் வேண்டிய சிக்கல் மட்டும் போகவில்லை. 1836 மே 21-ல் வந்த சட்டம், ஊர்ச் சாலை பராமரிப்புக்காக நேரடி வரிப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தலைவரும் தனக்காகவும், வீட்டில் 18 முதல் 60 வயது வரையுள்ள ஒவ்வோர் ஆணுக்காகவும், ஒவ்வொரு வண்டிக்காகவும், இழுக்கும் ஒவ்வொரு விலங்குக்காகவும் ஆண்டுக்கு மூன்று நாள் வரை வேலை தரவேண்டும் என்றது. விரும்பினால் பணமாகக் கட்டலாம். பழைய பிரபுக் குடும்பங்களின் வண்டிகளும் குதிரைகளும் அந்தப் பட்டியலில் எண்ணப்பட்டன.